புளியடிப்பாட்டு முறைக்காரி

எங்கட திணைக்களத்தில புதுசாச் சேர்ந்த உத்தியோகத்தர் ஒருத்தர் போன கிழமை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கடலுக்கடியில எங்கை மீன் நிக்குதெண்டு காட்டுற கருவி ஒண்டு வந்திருக்காம். அதின்ர படத்தை விரிச்சு வைச்சு எனக்கு வகுப்பு எடுத்தார். எடுத்து முடிய, "ஐயா, உங்கட காலத்தில உது ஒண்டும் இல்லாமல் மீன்படுற இடங்களை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" எண்டு கேட்டார்.

"அதென்ன பெரிய வேலையே, தம்பி," எண்டன். "எந்தக் கரையில கூடச் சண்டை நடக்குதெண்டு விசாரிக்கிறது. அங்கைதான் கூட மீன்."

ஆள் விழுந்து விழுந்து சிரிச்சார். பகிடி எண்டு நினைச்சிட்டார் போல. முல்லைத்தீவுக் கரையில நான் மீன்பிடிப் பரிசோதகரா இருந்த காலத்தில என்னட்டை இருந்த ஒரே கருவி அதுதான். அது ஒரு நாளும் பிழைச்சதில்லை. ஒருக்கா எழுதித் தாங்கோ எண்டு ஆக்கினைப்படுத்தினபடியால் எழுதுறன். அறிக்கை எழுதி எழுதி என்ர எழுத்துத் தமிழ் எப்பவோ செத்துப்போச்சு. கதைக்கிற மாதிரித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் யாழ்ப்பாணத்தில சுத்த சைவக் குடும்பத்தில பிறந்தவன். எங்கட குசினிக்குள்ள மீன் எண்ட சொல்லே போகாது. அரசாங்கத்துக்கு அது எப்பிடித் தெரிய வந்ததோ, ஆளைப் பார்த்து அளவெடுத்து வேலை குடுத்தது. நியமனக் கடிதத்தை வாசிச்சுக் காட்ட அம்மா ரெண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னா. பிறகு, "அரசாங்க உத்தியோகம் எல்லே, பறுவாயில்லை, வாசல்ல நிண்டு குளிச்சிட்டு உள்ள வா," எண்டா.

கொழும்பில ஒரு வருசம் பயிற்சி. போத்தலுக்குள்ள ஊறப்போட்ட மீன்களைக் காட்டி லத்தீன் பேர் பாடமாக்க வைச்சினம். நான் முதல் ஆளாப் பாஸ் பண்ணினன். முல்லைத்தீவுக்கு வந்து இறங்கின முதல் நாள் ஒரு மீனையும் எனக்கு அடையாளம் தெரியேல்லை. அதுகள் போத்தலுக்குள்ள இல்லை, துடிச்சுக்கொண்டு வேற கிடந்ததுகள்.

வலைக்கண் அளக்க ஒரு பித்தளை அளவுகோல் தந்திருந்தினம். காய்ஞ்ச வலையில ஒரு அளவு வரும், நனைஞ்ச வலையில இன்னொரு அளவு வரும். எதைக் கணக்கில எடுக்கிறதெண்டு யாழ்ப்பாணத்தில இருந்த பெரிய கந்தோருக்குக் கேட்டெழுதினன். அப்பதான் எங்கட உதவி அத்தியட்சகரின்ர குணம் எனக்கு விளங்கினது.

தமிழர்தான் அவர். ஆனால் கொழும்பில வளர்ந்து இங்கிலீசில கனவு காணுற ஆள். சுதந்திரம் கிடைச்சுப் பத்து வருசத்துக்கு மேலாகியும் கரையில சனம் அவரைத் துரை எண்டுதான் சொல்லுறது, அவருக்கும் அதில வருத்தம் இருந்த மாதிரித் தெரியேல்லை. என்ன கடிதம் போனாலும் துரை ஓரத்தில பச்சை மையால "பேசவும்" எண்டு எழுதித் திருப்பி அனுப்புவார். பேசிறதெண்டால் நான் ஒட்டுசுட்டான் காட்டுக்குள்ளால பஸ்ஸில மாங்குளம் போய், அங்கை றெயில் ஏறி யாழ்ப்பாணம் போக வேணும். போனால் சரியான மரியாதை. கதிரை தருவார், தேத்தண்ணி எடுப்பிப்பார், நான் சொல்லுற முழுக்கதையையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நித்திரையோ எண்டு நினைப்பன். இல்லை. முடிய மெல்லக் கண்ணைத் திறந்து, "வெரி இன்ரறஸ்ரிங். இதை எழுதித் தாரும்," எண்டுவார். நான் திரும்பி வந்து எழுதுவன். கடிதம் திரும்பி வரும். ஓரத்தில பச்சை மையால "பேசவும்". வலைக்கண் காய்ஞ்சோ நனைஞ்சோ எண்ட கேள்விக்கு நான் பென்சன் எடுக்குமட்டும் பதில் வரேல்லை.

சரி, புளியடிப்பாட்டுக்கு வாறன்.

கரைவலை தெரியாதவைக்குச் சொல்லுறன். தோணியில வலையை ஏத்திக்கொண்டு போய், கடலில ஒரு அரைவட்டம் அடிச்சு விட்டுக்கொண்டு, திரும்பக் கரைக்கு வாறது. ரெண்டு அந்தத்திலயும் நீளக் கயிறு. ஒவ்வொரு கயித்தையும் ஒரு கூட்டம் ஆம்பிளையள் கரையில நிண்டு இழுக்க வேணும். வலைக்கு ரெண்டு பக்கமும் தும்புக் கயித்தால முடைஞ்ச நீளமான கை. நடுவில பருத்தி நூலால நெருக்கமா முடைஞ்ச பெரிய பை. அதுக்குப் பேர் மடி. கை மீனை மறிச்சுக் கொண்டுவரும், மீன் மடிக்குள்ள விழும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

இதை நினைச்ச இடத்தில போடேலாது. அடியில கல்லிருந்தால் வலை கிழிஞ்சு நாராப் போகும். அடி வெறும் மணலா இருக்க வேணும், மீனும் கரையோட ஒட்டி வர வேணும். அப்பிடி வாய்ச்ச கடல்துண்டுக்குத்தான் பாடு எண்டு பேர். எங்கட பகுதியில அப்பிடிக் கன பாடு. அதில அரசன் புளியடிப்பாடு. புளியமரம் ஒண்டும் அங்கை இல்லை, எப்ப இருந்ததெண்டு சொல்லவும் ஆளில்லை. வாடைக்காத்து ஓய்ஞ்சு கடல் அடங்கினால் சோளகக்காத்து முடியுமட்டும் சூடை, கீரி, பாரை எண்டு மீன் மாறி மாறி வரும். சண்டையும் அப்பிடித்தான்.

வலையும் தோணியும் வைச்சிருக்கிற முதலாளிமாரைச் சம்மாட்டி எண்டுவினம். புளியடிப்பாட்டில ஆறு சம்மாட்டி. கடல்துண்டு ஒண்டு, வலை ஆறு. அதால முறை வைச்சிருந்தினம். அந்த முறைக்கு ஒரு எழுத்தும் இல்லை. எழுதாதபடியால்தான் எல்லாரும் மதிச்சினம் எண்டு நான் நினைக்கிறன்.

ஒரு நாளைக்கு ஒருத்தற்ர முறை. விடிய முதல் அந்தோனியார் கோயில்ல பூசை மணி அடிக்கேக்க முறைக்காரற்ர வலை கரையில இருக்க வேணும். இருந்தால் முதல் வலை அவருக்கு. அவர் போட்டு இழுத்த பிறகுதான் மற்றவை. போட விருப்பமில்லாட்டி "விட்டன்" எண்டு வாய் திறந்து சொல்ல வேணும். போடவும் இல்லை, சொல்லவும் இல்லை எண்டால் மத்தியான மணி அடிக்குமட்டும் மற்ற அஞ்சு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிக்க வேண்டியதுதான். அதுக்குப் பிறகு காத்து எழும்பி மீனும் வெளிய போயிடும். விடிய மணிக்கு வலை கரையில இல்லாட்டி அண்டைய முறை போச்சு. அடுத்தடுத்து மூண்டு முறை இல்லாட்டி அந்த வலைக்குப் பாட்டில இடமே இல்லை, அந்த முறை அடுத்த ஆளின்ர கைக்குப் போகும். பிறகு சம்மாட்டி வீட்டுக்காரர் இன்னொருத்தற்ர வாடியில, அதுதான் கரையில மீன் காயவைக்கிற கொட்டிலில, கருவாடு காயப்போடப் போக வேண்டியதுதான்.

இதுக்குள்ள அரசாங்கப் பரிசோதகருக்கு என்ன வேலை? ஒண்டும் இல்லை. சம்பளம் மட்டும் வந்தது.

ஆறு பேரில சின்னச் சம்மாட்டி அருளப்பு. ஒரு தோணி, ஒரு வலை, மனுசி திரேசம்மா, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். ஒரு வருசம் சோளகம் துவங்கின கையோட திடீரெண்டு அடிச்ச காத்தில அவற்ர தோணி கவிண்டுபோச்சு. கூடப் போனவை நீந்திக் கரை சேர்ந்தினம். அருளப்புவுக்கு வலை காலில சுத்திப்போட்டுது. ஆளைப் பிறகு கண்டெடுத்தினம், தோணியின்ர பலகையளும் கரை ஒதுங்கினது. வலையைக் கண்டெடுக்கேல்லை.

முறையில அருளப்புவுக்கு அடுத்தவர் சவரிமுத்துச் சம்மாட்டி. மூண்டு தோணி, கல்வீடு, கோயில் மூப்பர், கையில எந்த நேரமும் செபமாலை. செத்தவீட்டில அவரை மாதிரி அழுதவர் ஒருத்தரும் இல்லை. பெட்டியைத் தூக்க விடாமல் கட்டிப்பிடிச்சு அழுதார். எட்டாம் நாள் செபம் முடியுமட்டும் பாட்டில ஒருத்தரும் வலை போடேல்லை; முடிஞ்ச கையோட அவர் என்ர கந்தோருக்கு வந்தார். கண் அப்பவும் சிவந்துதான் கிடந்தது.

"ஐயா, அருளப்புவின்ர முறை இனி இல்லைத்தானே?"

"அதை ஏன் என்னட்டைக் கேக்கிறியள்? உங்கட வழக்கம் என்ன சொல்லுது?"

"மூண்டு முறை பார்க்கச் சொல்லுது."

"அப்ப பாருங்கோ."

"பார்க்கத்தான் போறம். பாவம், ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். அந்த முறை என்ர கைக்கு வந்தால் அதுகளைக் கொண்டந்து என்ர வாடியில வைச்சுப் பார்க்கலாம் எண்டொரு எண்ணம். வேற ஒண்டுக்கும் இல்லை," எண்டு சொல்லிச் சால்வையால கண்ணைத் துடைச்சார். அந்தச் சால்வை ஒரு நாளும் காய நான் காணேல்லை.

அருளப்புவின்ர அடுத்த முறை வந்தது. விடிய மணி அடிக்க முதல் திரேசம்மா ரெண்டு பிள்ளையளோட கரைக்கு வந்தா. தலையில ஒரு பெரிய பொதி. இறக்கி அவிழ்த்து மணலில விரிச்சா. மடி! அருளப்புவிட்ட ரெண்டு மடி இருந்திருக்கு. நெத்தலிக்கு ஒண்டு, பெரிய மீனுக்கு ஒண்டு. பெரிய மீன் மடி பட்டைச்சாயம் போட்டு வீட்டில காயக் கிடந்ததால தப்பியிருக்கு. அதை விரிச்சுப்போட்டு அதுக்குப் பக்கத்தில மணலில குந்தியிருந்தா. மணி அடிச்சது.

"என்ன தங்கச்சி இது?" எண்டார் சவரிமுத்து.

"வலை."

"இதுவோ வலை? கை எங்கை, கயிறு எங்கை, தோணி எங்கை?"

"முறைக்கு வலை கரையில இருக்க வேணும் எண்டுதானே சொல்லுறது, அண்ணை. கரையிலதான் இருக்கு."

"சரி, அப்ப போடு பாப்பம்."

"போடுற நேரம் போடுவன்."

"விட்டன் எண்டாவது சொல்லு."

"சொல்லமாட்டன்."

மத்தியான மணி அடிக்குமட்டும் அவ அசையேல்லை. அஞ்சு தோணி, அஞ்சு வலை, கயிறு இழுக்க வந்த அவ்வளவு ஆம்பிளையளும் வெய்யில்ல நிண்டு கடலைப் பார்த்தினம். வழக்கத்தை மீறித் தோணியைத் தள்ள ஒருத்தருக்கும் துணிவில்லை. இண்டைக்கு இவவின்ர முறையை மிதிச்சால் நாளைக்கு என்ர முறையை மற்றவன் மிதிப்பான் எண்டு ஒவ்வொருத்தரும் மற்ற நாலு பேரையும் கண்ணால அளந்துகொண்டு நிண்டினம். என்னைக் கேட்டால் அந்தக் கரையில ஒற்றுமை எண்டு நான் கண்டது அதுதான்.

பின்னேரம் அஞ்சு பேரும் என்ர கந்தோர் விறாந்தையில. மடி வலையோ இல்லையோ, அரசாங்கம் சொல்ல வேணும். அவை போன பிறகு திரேசம்மாவும் வந்தா. அவவின்ர கேள்வி வேற.

"ஐயா, என்ர முறை எனக்கு இருக்கெண்டு ஒரு எழுத்துத் தாங்கோ. அது இருந்தால் புதுக்குடியிருப்பில கையும் கயிறும் கடனுக்குத் தர ஆளிருக்கு. எழுத்தில்லாமல் ஒருத்தரும் தரமாட்டினம். சவரிமுத்தண்ணை எல்லாரிட்டையும் போய்ச் சொல்லி வைச்சிருக்கிறார்."

"பெரிய கந்தோருக்கு எழுதுறன், பிள்ளை. பதில் வந்த உடனை தாறன்."

"எப்ப வரும்?"

"கெதியா வரும்," எண்டன்.

எழுதினன். "பேசவும்". போனன், பேசினன். துரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரேசம்மா மணலில இருந்த கட்டத்தில ஒருக்காக் கண்ணைத் திறந்தும் பார்த்தார். "வெரி இன்ரறஸ்ரிங்," எண்டார். எழுதித் தரச் சொன்னார்.

இதுக்குள்ள அவவின்ர ரெண்டாம் முறையும் வந்து போச்சு, மூண்டாம் முறையும் வந்து போச்சு. அதே மடி, அதே மணல், அதே ரெண்டு பிள்ளையள். வீட்டில அடுப்பு எரியுதோ எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. மூத்த பிள்ளையின்ர காதில கிடந்த தோடு ரெண்டாம் முறைக்குக் காணேல்லை. சவரிமுத்து நல்ல மனுசன் எல்லே, பக்கத்தில போய்க் குனிஞ்சு சொன்னார்: "ஏன் தங்கச்சி இந்த வீண் வேலை? பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு என்ர வாடிக்கு வா. கருவாடு காயப்போடலாம், கஞ்சிக்குக் குறைவில்லை."

திரேசம்மா நிமிந்து பார்க்காமலே சொன்னா: "எனக்குக் கஞ்சி தாறதுக்கு உங்களுக்கு என்ர முறை வேண்டிக்கிடக்கு. அந்த முறையை எனக்கே விட்டால் நானே எனக்குக் கஞ்சி காய்ச்சுவனே, அண்ணை?"

கயிறு இழுக்க வந்த ஆக்கள் சிரிச்சினம். சவரிமுத்துவின்ர ஆக்களும் சிரிச்சினம். அந்தச் சிரிப்பை அவர் தாங்கேல்லை. அண்டைக்கே யாழ்ப்பாணத்துக்குத் தந்தி அடிச்சார், கரையில கலவரம் வரப்போகுதெண்டு. கடிதத்துக்கு அசையாத துரை தந்திக்கு அசைஞ்சார். ஜீப்பில வந்து இறங்கினார்.

கோயில்ல இருந்து ஒரு கதிரை கொண்டந்து மணலில போட்டினம். சப்பாத்துக்குள்ள மணல் போகுதெண்டு துரை ரெண்டு காலையும் மணலில படாமல் தூக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் விசாரணை முழுக்க நடத்தினார். சுத்திவர ஊர். நடுவில மணலில அந்த மடி. ஒரு பக்கம் சவரிமுத்து, மற்றப் பக்கம் திரேசம்மா.

துரை சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மீனுக்கு விளக்கம் இருந்தது, அதில நண்டும் மீன். வலைக்கு விளக்கம் இல்லை. துரைக்கு முகம் வாடிப்போச்சு. "மிஸ்டர் சவரிமுத்து, நீர் சொல்லும். மடி என்றால் என்ன?"

"துரை, மடி ஒரு பை. மீன் அள்ளுற சாக்கு. சாக்கைக் கொண்டந்து கரையில போட்டிட்டு வலை எண்டால் நாளைக்கு ஒருத்தன் கடகத்தைக் கொண்டந்து வைச்சுப்போட்டு முறை கேப்பான். வலை எண்டால் கை, கயிறு, மடி எல்லாம் சேர்ந்த முழு வலை."

நல்லாத்தான் சொன்னார். கனபேர் தலையாட்டினம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரிபோலத்தான் பட்டது. துரை திரேசம்மாவின்ர பக்கம் திரும்பினார். அவ துரையோட கதைக்கேல்லை. நேர சவரிமுத்துவைக் கேட்டா.

"மூப்பர் அண்ணை, போன திருநாளுக்கு வலை மந்திரிக்கக் கோயிலுக்கு என்னத்தைக் கொண்டு போனனீங்கள்?"

எனக்கு முதல்ல விளங்கேல்லை. பக்கத்தில நிண்ட ஒரு கிழவர் காதுக்குள்ள சொன்னார். வருசாவருசம் திருநாளுக்கு முந்தின நாள் கோயில் சுவாமியார் வலையளை ஆசீர்வதிச்சுத் தீர்த்தம் தெளிக்கிறது வழக்கம். முழு வலையைக் கோயிலுக்குக் கொண்டு போறதெண்டால் வண்டிக் கணக்கில ஏத்த வேணும். அதால ஒவ்வொரு சம்மாட்டியும் மடியை மட்டும் தோளில போட்டுக்கொண்டு போய்ப் பீடத்துக்கு முன்னால வைப்பினம். மூப்பர் எண்டபடியால் சவரிமுத்துவின்ர மடிக்குத்தான் முதல் தீர்த்தம்.

"சொல்லுங்கோ அண்ணை," எண்டா திரேசம்மா. "அந்தோனியாருக்கு முன்னால வைச்சது வலையோ, சாக்கோ? சாக்கெண்டால் உங்கட வலை மந்திரிக்காத வலை. அதைத்தானே இவ்வளவு வருசமும் இந்த ஆக்களை ஏத்திக் கடலுக்கு அனுப்பினனீங்கள்?"

சவரிமுத்துவின்ர தோணிக்காரர் ஒருத்தர் மெல்ல முன்னுக்கு வந்தார். "சம்மாட்டி, அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு," எண்டார். வலை எண்டு சொன்னால் வழக்குத் தோல்வி. சாக்கெண்டு சொன்னால் நாளைக்கு அவற்ர தோணியில ஏற ஆளில்லை. சவரிமுத்து செபமாலையை ரெண்டு தரம் உருட்டினார்.

"வலைதான்," எண்டார் கடைசியில. மெல்லத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

நான் துரையைப் பார்த்தன். இனி என்ன, ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிஞ்சுது. திரேசம்மாவும் அவற்ர கையைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டா. துரை எழும்பினார். "வெரி இன்ரறஸ்ரிங்," எண்டார். "தீர்ப்பை எழுத்தில் அறிவிப்பேன்." ஜீப்பில ஏறிப் போயிட்டார்.

எனக்கு அண்டைக்கு வந்த ஆத்திரம் இண்டைக்கு எழுதேக்கையும் வருது.

எழுத்து வரேல்லை. எழுத்தில்லாமல் புதுக்குடியிருப்பில கையும் கயிறும் கிடைக்கேல்லை. மடி வலைதான் எண்டு சவரிமுத்து தன்ர வாயால ஒத்துக்கொண்டதால முறை தப்பினது, ஆனால் முறையைக் கரைச்சுக் குடிக்கேலாது. மற்றச் சம்மாட்டிமார் நாலு பேரும் திரேசம்மாவுக்காக நல்லா இரக்கப்பட்டினம். இரக்கத்துக்குக் கையும் கயிறும் தேவையில்லைத்தானே, ஒருத்தரும் குடுக்கேல்லை. சவரிமுத்து வேற வழி பிடிச்சார். எத்தினை நாளைக்குத்தான் பட்டினியோட இருப்பா, பார்ப்பம் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சார்.

அடுத்த அவவின்ர முறை. சண்டை வரும் எண்ட பயத்தில நானும் விடிய முதல் கரைக்குப் போயிருந்தன். கடல் பாயை விரிச்ச மாதிரிக் கிடந்தது. மணி அடிச்சு, வெய்யில் ஏறத் துவங்க, மணல் மேட்டில நிண்டு கடல் பார்க்கிற ஆள் தலைத்துண்டைக் கழட்டி விசுக்கினார்.

"பாரை! பாரை!"

எனக்குக்கூடத் தெரிஞ்சது. தண்ணி ஒரு இடத்தில கறுத்து, கறுத்தது மெல்லக் கரையோட நகருது. மேல குருவியள் விழுந்து எழும்புதுகள். அவ்வளவு பெரிய படையைத் தாங்கள் கண்டதில்லை எண்டு கிழவங்களே சொன்னாங்கள். அது நேர புளியடிப்பாட்டுக்குள்ள வந்து நிண்டது. ஆறு முறையில அண்டைக்குத்தான் அது வர வேணுமோ! அஞ்சு தோணிக்காரரும் கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டினம்.

சவரிமுத்து ஓடி வந்தார். மூப்பர் ஓடி நான் கண்டது அது ஒருக்காத்தான்.

"தங்கச்சி, விட்டன் எண்டு சொல்லு! சொல்லு பிள்ளை! உனக்கொரு பங்கு தாறன்."

"சொல்லமாட்டன்."

"பாதி தாறன். பாதி! அந்தோனியார் மேல ஆணை!"

"அந்தோனியாரை விடுங்கோ, அண்ணை. உங்கட தோணியும் கையும் கயிறும் ஆக்களும் தாங்கோ. உங்கட மடியைக் கழட்டிப்போட்டு என்ர மடியைக் கட்டுங்கோ."

கரைவலைக்காரருக்குள்ள ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தற்ர வலைக்கையில இன்னொருத்தற்ர மடியைக் கட்டினால் மீன் மடிக்காரருக்கு. கைக்காரருக்கு வாடகைப் பங்கு, அவ்வளவுதான். வலை எண்டால் மடி எண்டு ஊருக்கு முன்னால ஒத்துக்கொண்ட மனுசன் இப்ப என்னத்தைச் சொல்லுறது?

"இண்டைக்கு மட்டும் இல்லை," எண்டா திரேசம்மா. "இந்தச் சோளகம் முடியுமட்டும், என்ர முறை வாற நாளெல்லாம். எல்லாரும் கேக்கச் சொல்லுங்கோ."

"நீ என்ன விளையாடுறியோ? மீன் போகுதடி!"

"போகட்டும். எனக்குப் போறதுக்கு இனி என்ன கிடக்கு?"

அப்பதான் அவவின்ர குரல் உடைஞ்சது. செத்தவீட்டில அழாத மனுசி. பிள்ளையள் ரெண்டும் அவவைக் கட்டிப்பிடிச்சுதுகள். கறுத்த தண்ணி மெல்லத் தெற்கால நகரத் துவங்கினது. சவரிமுத்து கடலைப் பார்த்தார், அவவைப் பார்த்தார், திரும்பக் கடலைப் பார்த்தார். அவர் வாய் திறக்க முதல் அவற்ர தோணிக்காரர், அண்டைக்கு விசாரணையில முன்னுக்கு வந்தவர், குனிஞ்சு திரேசம்மாவின்ர மடியின்ர ஒரு அந்தத்தைத் தூக்கினார். இன்னும் நாலு பேர் போய் மற்றதைத் தூக்கினாங்கள். சம்மாட்டியின்ர மடியைக் கழட்டி மணலில எறிஞ்சுபோட்டு அவவின்ரயைக் கட்டினாங்கள்.

"சரி! சரி! முடியுமட்டும்! எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ!" எண்டு சவரிமுத்து கத்தினார். அந்த நேரம் தோணி தண்ணிக்குள்ள.

இழுத்து முடிய உச்சி வெய்யில். மற்ற வலைக்காரரும் வந்து கயித்தில கை வைச்சினம், இல்லாட்டி அந்தப் பாரம் அசைஞ்சிராது. மடி கரைக்கு வர மணல் முழுக்கப் பாரை துள்ளிச்சுது. திரேசம்மா வழக்கப்படி கைக்காரற்ர பங்கைப் பிரிச்சுச் சவரிமுத்துவின்ர தோணியடியில குவிப்பிச்சா. ஒரு மீனும் குறைக்கேல்லை, ஒரு மீனும் கூட்டேல்லை. அவர் அண்டைக்கும் சால்வையால கண்ணைத் துடைச்சார். அண்டைக்கு அழுதது மட்டும் உண்மை எண்டு நான் சத்தியம் பண்ணுவன்.

அந்தச் சோளகம் முடிய முதலே திரேசம்மா சொந்தமாக் கையும் கயிறும் வாங்கிப்போட்டா. தோணி அடுத்த வருசம் வந்தது. புளியடிப்பாட்டில ஆறாவது சம்மாட்டி ஒரு பொம்பிளை எண்டதைச் சனம் கொஞ்ச நாள் கதைச்சுது, பிறகு கதைக்க வேற சண்டை வந்திட்டுது.

துரையின்ர தீர்ப்பு? நான் நடந்ததெல்லாத்தையும் எழுதி அனுப்பினன். முதல் தடவையா "பேசவும்" வரேல்லை. கொஞ்சக் காலத்தால தெரிஞ்சது, கரையோரப் பிணக்கொண்டைச் சுமுகமாத் தீர்த்து வைச்ச கெட்டித்தனத்துக்கு அவருக்குப் பதவி உயர்வாம்.

கொழும்புக்கு மாறிப் போக முதல் ரெண்டு பெரிய மனுசரைக் கூட்டிக்கொண்டு புளியடிப்பாட்டுக்கு வந்தார், தான் தீர்த்து வைச்ச பாட்டைக் காட்ட. என்னையும் வரச் சொன்னார். திரேசம்மாவின்ர முறை அண்டைக்கு. அவ கரையில நிண்டு மடிக்குப் பொத்தல் பார்த்துக்கொண்டு நிண்டா. துரை இங்கிலீசில நீளமா ஏதோ விளக்கிப்போட்டு அவவின்ர பக்கம் திரும்பினார்.

"எப்படி அம்மா? எங்களுடைய தீர்ப்பு உமக்குத் திருப்திதானே?"

"எந்தத் தீர்ப்பு, ஐயா?"

துரைக்கு விளங்கேல்லை. சிரிச்சுக்கொண்டு நிண்டார். திரேசம்மா மடியை உதறிக் கீழ வைச்சா.

"எனக்குத் தீர்ப்பொண்டும் வரேல்லை. அண்டைக்கு மீன்தான் வந்தது," எண்டா. "அதுக்கு முதல் ஒருத்தரும் வரேல்லை."

சொல்லேக்க அவ துரையைப் பார்க்கேல்லை. என்னைத்தான் பார்த்தா.